தோள் இறங்கிய வண்டி

“அம்மாவால ஏற முடியலன்னா, வண்டி கொஞ்சம் குனியக் கூடாதாப்பா?”

தையற்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஆஸ்பத்திரியில் இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து அம்மாவை வீட்டுக்கு அழைத்துப் போக வந்திருந்த வாடகைக் காரின் கதவருகே எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கார் தாழ்வாக இருந்தது. இடுப்பை அதிகம் மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அனுப்பிவிட்டு அழைத்த வேன் உயரமாக இருந்தது. ஒரு சாணுக்கு மேல் காலைத் தூக்கக் கூடாது என்றும் அதே டாக்டர்தான் சொல்லியிருந்தார். கடைசியில் ஸ்ட்ரெச்சர் உள்ள ஆம்புலன்ஸில் படுத்தபடியே வீடு வந்து சேர்ந்தாள் அவர் மனைவி. “ஒரு வழியா இதுலயும் ஏறிப் பாத்தாச்சு” என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மகளின் கேள்வி மட்டும் தையற்காரரின் காதிலேயே தங்கிவிட்டது.

இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. மனைவி கைத்தடியோடு வீட்டுக்குள் நடமாடினாள். வீட்டு முன்பக்கத்தில் இருந்த கடையின் ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். வாசலைத் தாண்டிப் போனதில்லை. ஆறு மணி நேரப் பயணத்தில், ஏரிக்கரையில் அவளுடைய அக்கா புது வீடு கட்டிக் குடியேறியிருந்தாள். “உனக்காகவே வாசல்ல படியே வைக்கலடி. நீ வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு போயிடும் போலிருக்கு” என்று வாராவாரம் போனில் சீண்டுவாள். தங்கையும் சளைக்காமல் பதில் கொடுப்பாள். ஆனால் போனை வைத்த பிறகு, ஏற்கெனவே சுற்றியிருக்கும் நூற்கண்டைப் பிரித்து மறுபடியும் சுற்றுவாள். அந்தச் சுற்றலைத்தான் தையற்காரரால் பார்க்க முடியவில்லை.

அவரை வாடிக்கைக்காரர்கள் ‘அங்குலம்’ என்பார்கள். கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. கடவுளை நினைக்காமல் கத்திரியை எடுக்க மாட்டார், அளக்காமல் எதையும் நம்ப மாட்டார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவருக்குத் தோன்றியதில்லை.

குனிகிற வண்டி உண்மையிலேயே உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னவன் மனைவியின் தம்பி. டாக்ஸி ஓட்டுகிறவன். பெரிய பணக்காரர்கள் வைத்திருக்கும் எஸ்யூவி. சக்கரங்களுக்கு மேல் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை. பொத்தானை அழுத்தினால் காற்று இறங்கி வண்டி தாழும், மறுபடி அழுத்தினால் எழும்பும். புதிதாக வாங்க ஏழு தலைமுறை தைக்க வேண்டும். பழையதென்றால், எட்டு வருடச் சேமிப்பை முழுசாகத் துடைத்துப் போட்டால் எட்டிப் பிடிக்கலாம்.

பழைய கார் விற்கும் கூடத்தின் முதலாளி அங்குலத்தின் வாடிக்கைக்காரர்தான். பதினோரு வருடமாக அவருக்குக் கோட்டு தைப்பவர் இவர். அந்த உரிமையில் முதலாளி தாமே வாசல்வரை வந்து வரவேற்று, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளைக் காட்டினார். ஒன்று வெள்ளி நிறம், வயது கூடியது, ஆனால் ரிப்பேருக்குப் போவதே அபூர்வம் என்று பெயரெடுத்த ரகம். மூன்று வருட வாரண்டி. இன்னொன்று கறுப்பு, பளபளப்பு. ஒரு வருட வாரண்டிதான். ஆனால் அதுதான் குனியும்.

மைத்துனன் இரண்டையும் சுற்றி வந்து டயரைத் தட்டினான், அடியில் படுத்து எட்டிப் பார்த்தான். பிறகு மாமாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். “மாமா, அந்த வெள்ளி வண்டி குடும்பம் நடத்துற வண்டி. இந்தக் கறுப்பு, காதலிக்க மட்டும்தான். காத்துப் பை ஒண்ணு போச்சுன்னா, ஆறு மாசம் நீங்க வெறும் பட்டன் தைச்சுத்தான் அடைக்கணும்.”

“வெள்ளி வண்டியில உங்க அக்கா எப்படி ஏறுவா?”

அவன் தலையைச் சொறிந்தான். அதற்குள் முதலாளி கறுப்பு வண்டியின் பொத்தானை அழுத்திவிட்டார். அது பெருமூச்சு விட்டபடி, முழங்கால் மடக்குவதுபோல மெல்லத் தாழ்ந்து நின்றது. அங்குலத்தின் கண் கலங்கிவிட்டது. முதலாளி அதைப் பார்த்துவிட்டார். விலை அதற்கப்புறம் ஒரு பைசாகூட இறங்கவில்லை.

கண் கலங்கினாலும் கை சும்மா இருக்குமா? வண்டியை மறுபடி எழுப்பச் சொல்லி, டேப்பை எடுத்து, தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு மூலையும் அளந்தார். நான்கும் ஒன்றுபோல் இருந்தன. “என்ன அங்குலம், இதுக்கும் கோட்டு தைக்கிறதா உத்தேசமா?” என்று முதலாளி கேட்க, கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லோரும் என்றால், ஒருத்தியைத் தவிர. கூடத்தின் காகித வேலைகளைக் கவனிக்கும் பெண்மணி அவள். அங்கே வேலை செய்யும் ஐந்து பேருக்கும் சாம்பல் நிறக் கோட்டு உண்டு. இவளுடையது முன்பு அங்கே இருந்த யாரோ ஒரு பெரிய உடம்புக்காரருடையது. தோள் முழங்கைவரை வழிந்தது. கையை உள்ளே மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அங்குலத்துக்குப் பல்லில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது.

பணம் கட்டுமுன் வாரண்டிப் புத்தகத்தை வாங்கிப் பார்க்க அவள் மேஜைக்குப் போனார். முதலாளியும் மைத்துனனும் வெளியே ஹாரனை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் புத்தகத்தை மூடியபடி கொடுக்காமல் பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து வைத்துக் கொடுத்தாள். எறும்பு எழுத்தில் ஒரு வரி: ரப்பரால் ஆனவை, காற்றுப் பைகள், தேய்கிற பாகங்கள் எதற்கும் இந்த வாரண்டி செல்லாது.

இன்ஜினுக்கு உண்டு, கியர்பாக்ஸுக்கு உண்டு. எதற்காக வண்டியை வாங்குகிறாரோ அதற்கு மட்டும் இல்லை.

“உங்க டேப்பை இங்க மறந்துட்டுப் போங்க சார்” என்றாள் அவள், பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு.

“நான் டேப்பை மறந்ததே கிடையாதும்மா.”

“இன்னிக்கு மறக்கறீங்க. காலைல எட்டு மணிக்கு வந்து வாங்கிக்குங்க. நான்தான் கதவு திறப்பேன். சாரு எட்டரைக்குத்தான் வருவாரு.”

அன்று மாலை அவர் வெறுங்கழுத்தோடு வீட்டுக்குள் நுழைந்ததும், மனைவி கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மறுநாள் எட்டு மணிக்குக் கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. டேப்பை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அவள் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அங்குலம் கறுப்பு வண்டியின் பின்னால் போய் நின்றார். அளக்கவே தேவை இருக்கவில்லை. முப்பது வருடமாகத் தோள்களைப் பார்த்த கண். இருந்தாலும் அளந்தார். பின்பக்கம் இடது மூலை ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. இரவெல்லாம் காற்று கசிந்திருக்கிறது.

சிறிது நேரத்தில் வண்டி கழுவுகிறவர் வந்தார். யாரும் சொல்லாமலே முதல் வேலையாக அதை ஸ்டார்ட் செய்து பைகளில் காற்றை ஏற்றினார். தூங்கி எழுந்த மனுஷன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வதுபோல வண்டி தோளைத் தூக்கி நிமிர்ந்து நின்றது. எட்டரைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் நேராக நிற்கிற வண்டியைத்தான் பார்ப்பார்.

விஷயத்தைக் கேட்ட மைத்துனன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பினான். அங்குலம் அவனைப் பிடித்து உட்கார வைத்தார். எட்டு மணிக்கு அங்கே போய்ப் பார்த்தேன் என்று வாய் திறந்தால், கதவு திறந்தவள் யார் என்று கேள்வி வரும். அடுத்த மாதம் அவள் சம்பளம் வாங்க மாட்டாள். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேணாங்க, விட்டுடுங்க. ஜன்னல்லயே எனக்கு ஊரெல்லாம் தெரியுது” என்றாள். சொல்லிவிட்டு நூற்கண்டைக் கையில் எடுத்தாள்.

அவர் விடவில்லை. அன்று பகலில், தொழில் சங்கக் கூட்டத்துக்காக முதலாளி தைக்கக் கொடுத்திருந்த கோட்டு ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எதிரே வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். முதலாளிக்கு வலது தோள் பிறவியிலேயே இறக்கம். பதினோரு வருடமாக ஒவ்வொரு கோட்டிலும் அந்தப் பக்கம் மட்டும் இரண்டு அடுக்குப் பஞ்சு வைத்துத் தைத்து வந்தார் அங்குலம். முதலாளி கேட்டதும் இல்லை, இவர் சொன்னதும் இல்லை. அன்று, கடவுளிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அந்தப் பஞ்சை வெளியே எடுத்தார்.

மாலையில் முதலாளி போட்டுப் பார்க்க வந்தார். கண்ணாடியில் இப்படி நின்றார், அப்படி நின்றார். முகம் சுருங்கியது.

“என்ன அங்குலம், ஒரு பக்கம் சரியுதே?”

“ராத்திரியெல்லாம் ஹேங்கர்ல நின்னுச்சு இல்லையா சார், அதான். ஸ்டார்ட் பண்ணினா ஏறிடும்.”

முதலாளி கண்ணாடிக்குள்ளிருந்தே அவரைப் பார்த்தார். அங்குலம் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, மிகுந்த பணிவோடு தொடர்ந்தார். “நான் தைச்சதுக்கு ஒரு வருஷம் வாரண்டி தரேன் சார். பொத்தான் போனா தரேன், காலர் போனா தரேன். தோள் மட்டும் சேராது. அது தேயுற பாகம்.”

ஜன்னலோரம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

முதலாளி குரலைத் தாழ்த்திக் கேட்டார். “யாரு சொன்னது?”

“பதினோரு வருஷமா உங்க தோளைப் பாக்கறேன். அதை எனக்கு யாரு சார் சொன்னாங்க?”

அவர் சொன்னதில் பொய் ஒரு நூலும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம், முதலாளி மாட்டிக்கொண்டு நின்றார், என்ன கேட்டாலும் கொடுத்திருப்பார். ஆனால் கண்ணாடியில் அந்தச் சரிந்த தோளைப் பார்க்க அங்குலத்துக்கே சங்கடமாகிவிட்டது. ஒரு மனுஷனின் குறையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவதற்காகவா கடவுள் இந்தத் தொழிலைக் கொடுத்தார்? முதலாளி பதில் சொல்லுமுன்பே, எடுத்த பஞ்சை அதே இடத்தில் செருகி, நாலு குண்டூசி குத்தி, தோளைத் தடவிவிட்டார். கண்ணாடியில் முதலாளி நிமிர்ந்து நின்றார்.

“உங்க தோள் எனக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கட்டும் சார். நான் மறைக்கிறது நீங்க நாலு பேர் முன்னால தலைநிமிர்ந்து நிக்கணும்னு. வண்டி அப்படியில்ல. அதுல ஏறப் போறது அங்க உக்காந்திருக்கறவ.”

முதலாளி திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அங்கே சாய்த்து வைத்திருந்த கைத்தடியை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஸ்டார்ட் பண்ணினா ஏறிடுமாம்” என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பின்பக்கக் காற்றுப் பை இரண்டையும் புதிதாக மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். மாற்றுவது வண்டிக் கம்பெனியின் பட்டறையில், ரசீது அங்குலத்தின் பேரில். வாரண்டிப் புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் அந்த எறும்பு வரியை அடித்து, காற்றுப் பைகளும் இதில் சேரும் என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டறையிலிருந்து வண்டி திரும்பியதும் மூன்று நாள் காலையில், இம்முறை எல்லோரும் பார்க்கவே, அங்குலம் போய் நான்கு மூலையும் அளந்தார். மூன்றாம் நாள் முதலாளியே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். போகிற போக்கில், “எங்க ஆளுங்க கோட்டு அஞ்சுக்கும் புது பேட்ஜ் தைக்கணும், அனுப்பி வைக்கறேன்” என்றார்.

வண்டி வாசலுக்கு வந்த அன்று தெருவே வேடிக்கை பார்த்தது. அது பெருமூச்சு விட்டுக் குனிந்தது. மனைவி கைத்தடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, யார் கையும் பிடிக்காமல், நாற்காலியில் உட்காருவதுபோல ஏறி உட்கார்ந்தாள். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. “நான் அப்பவே கேட்டேன் இல்ல” என்றாள்.

மறுநாள் காலை மைத்துனன் ஓட்ட, அம்மாவும் மகளும் ஏரிக்கரைக்குப் புறப்பட்டார்கள். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை; பல் இருக்கிறதா என்று நேரில் பார்த்துக்கொள்வதாக மனைவி சொன்னாள். அவசரத் தையல் இருக்கிறது என்று அங்குலம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டார்.

அவசரத் தையல் ஐந்து சாம்பல் கோட்டுகள். நான்கில் பேட்ஜை அரை மணியில் தைத்து முடித்துவிட்டார். பிறகு கடைக் கதவைச் சாத்தினார். ஐந்தாவது கோட்டை மேஜையில் விரித்தார். பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டார். யாரையும் நிற்க வைத்து அளக்க வேண்டியிருக்கவில்லை. கை எங்கே மடிய வேண்டும் என்பதை ஸ்டேப்ளர் பின் குத்திய ஓட்டைகளே வரிசையாகக் காட்டின. தோளின் அகலம் அவர் கண்ணிலேயே இருந்தது. கண்ணை மூடிக் கடவுளை நினைத்துக்கொண்டு கத்திரியை எடுத்தார். தோளைப் பிரித்து உள்ளே இழுத்தார், கையைக் குறைத்தார், கிழிந்திருந்த பைக்குப் புதுத் துணி கொடுத்தார், பழைய மடிப்பின் தடம் தெரியாதபடி இஸ்திரி போட்டார். பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டார். பகல் சாப்பாட்டை மறந்துவிட்டார்.

மதியம் போன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை. தூரத்தில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் அழுவதும் சிரிப்பதும் கேட்டது. வைத்துவிட்டார்.

சிட்டையில் ஐந்து கோட்டுக்கும் ‘பேட்ஜ்’ என்று மட்டும் எழுதினார். அந்தக் கோட்டை மேலே வைக்கவில்லை, அடியிலும் வைக்கவில்லை. மூன்றாவதாக, மற்றவற்றைப் போலவே மடித்து வைத்துக் கட்டினார். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.