சேசு பாலனுக்கு வைக்கோல்

அலங்காரம் டீச்சருக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது. நேற்று வந்த டீச்சர் அந்த ஜெசிந்தா. ராயப்பேட்டையிலிருந்து குடையும் கையுமாக நடந்து வருகிறாள், பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வித்தை. அதற்கே பள்ளிக்கூடத்துப் பொடிசுகள் எல்லாம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகின்றன! அலங்காரமோ இந்தச் சாந்தோம் கடற்காற்றில் வருஷக்கணக்காகத் தொண்டை வறளக் கத்தி, குப்பத்துப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவள். அவளிடம் படித்தவர்கள் பெற்ற பிள்ளைகளே இப்போது அவள் வகுப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் முந்தானையை யாராவது பிடித்தார்களா?

இதெல்லாம் முற்றிப்போனது டிசம்பர் மாதத்தில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு சின்ன மரத்தொட்டி வைப்பார்கள். பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்தால் அதில் ஒரு வைக்கோல் போடலாம். மாட்டுக்கொட்டிலில் பிறக்கப்போகிற சேசு பாலனுக்குப் படுக்கை மெத்தென்று இருக்க வேண்டுமல்லவா? பள்ளிக்கூடம் மூடுகிற அன்றைக்கு எந்தத் தொட்டி அதிகம் நிறைந்திருக்கிறதோ, அதில்தான் தலைமைக் கன்னியாஸ்திரியான மதர், பாலனின் சிலையான சுரூபத்தைக் கிடத்துவார். அதைக் கோயிலுக்கு ஊர்வலமாக எடுத்துப் போய்க் குடிலில் வைப்பார்கள். வருஷா வருஷம் அது அலங்காரத்தின் தொட்டிதான். அதற்குப் பின்னால் பட்டுப்புடவை சரசரக்க அவள் நடப்பதைப் பார்க்கவே ஜனம் கூடுகிறது என்பது அவள் நினைப்பு.

அவள் வகுப்பில், நல்லது செய்தவர் எழுந்து நின்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். அவள் "சபாஷ்" போட்டு வைக்கோலைக் கையில் கொடுப்பாள். ஜெசிந்தாவோ எல்லாவற்றையும் தலைகீழாக்கினாள். வைக்கோலை ஒரு கூடையில் போட்டு வராந்தாவில் வைத்துவிட்டாள். செய்தவர் தாமே எடுத்து, யாரும் பார்க்காதபோது போட வேண்டும். என்ன செய்தேன் என்று சொல்லவும் கூடாது, மற்றவர்கள் கேட்கவும் கூடாது.

"இன்னா ஜெசிந்தா இது? பசங்க அள்ளி அள்ளிப் போட்டுட்டுப் போவுங்க," என்றாள் அலங்காரம்.

"போட்டா ஆண்டவருக்குத் தெரியாதா அக்கா?" என்று சிரித்தாள் ஜெசிந்தா.

அலங்காரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவருக்கும் இவளுக்கும் தனியாகப் பேச்சுவார்த்தை நடக்கிறதோ!

ஜெசிந்தாவின் தொட்டி ஏறிக்கொண்டே போயிற்று. அலங்காரம் தன் பிள்ளைகளை விரட்டினாள். "அந்த வகுப்பு ரொம்பிக்கினு வருது. நீங்க கையைக் கட்டிக்கினு உக்காந்திருக்கீங்களா?" அவ்வளவுதான், மறுநாளிலிருந்து நல்ல காரியங்கள் மழையாகக் கொட்டின. அதில் முதல் ஆள் லாசர். கட்டுமரக்காரர் வீட்டுப் பையன், வாயாடி. எழுந்தால் உட்காரமாட்டான்.

ஒருநாள் வாசலில் சுண்டல் விற்கிற தேவானை உள்ளேயே வந்துவிட்டாள். "இன்னா டீச்சரம்மா, இந்த லாசர் பையனும் அவன் கூட்டாளிங்களும் தெனம் என் கூடையத் தள்ளிவுடுதுங்க. அப்பால ஓடியாந்து அதுங்களே பொறுக்கிக் குடுக்குதுங்க! இது இன்னா வெளாட்டு?"

அலங்காரத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சுண்டல் பொறுக்கிக் கொடுத்தோம் என்று எழுந்து நின்றவர்களுக்கு வைக்கோல் கொடுத்தவளே அவள்தானே! ஆனாலும் பக்கத்து வகுப்பில் ஏறிக்கொண்டிருக்கும் தொட்டிதான் கண்முன் நின்றது. "சின்னப் பசங்க, வுடு தேவானை," என்று சமாதானம் பேசி அனுப்பிவைத்தாள். அன்று மாலையும் லாசர் எழுந்து நின்றான். அவளும் கொடுத்தாள்.

கடைசி நாள் வந்தது. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள், ஜெசிந்தா மதரின் அறையில் இருந்தாள். அலங்காரம் பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்தாள். இரண்டு தொட்டியும் கிட்டத்தட்ட சமம். இதில் இரண்டு கைப்பிடி குறைந்தால் போதும். திருட்டு என்ற வார்த்தை அவளுக்குத் தோன்றவே இல்லை. அநியாயமாக ஏறியதை இறக்கப் போகிறோம், அவ்வளவுதானே? உள்ளே போய் இரண்டு கையாலும் அள்ளினாள்.

"டீச்சர்!"

அலங்காரம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் கெங்கம்மா நின்றாள். ஜெசிந்தாவின் வகுப்புப் பெண். வீட்டில் கும்பிடுவது கங்கையம்மனை, ஞானஸ்நானம் வாங்காத பிள்ளை. கையில் ஒற்றை வைக்கோல் வைத்திருந்தாள். அலங்காரத்தின் கைகள் தொட்டிக்கு மேலே, அள்ளிய வைக்கோலோடு அப்படியே நின்றன.

"ஐயோ, நான் பாக்கல டீச்சர்! நீங்க போடுங்க!" கெங்கம்மா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுகப் பொத்திக்கொண்டாள். "அம்மாடி, எவ்ளோ நல்லது பண்ணிக்கீறீங்க!" என்றவள் உடனே பதறினாள். "இல்ல, இல்ல, நான் ஒண்ணும் கேக்கல!"

சுவரைப் பார்த்து நின்ற அந்தச் சின்ன முதுகை அலங்காரம் பார்த்தாள். திரும்பிப் பார்க்கிற எண்ணமே அதற்கு இல்லை. இப்படியே இரண்டு கையோடு வெளியே நடந்து போயிருந்தாலும் தெரிந்திருக்காது. அவள் வைக்கோலைத் தொட்டியில் போட்டாள்.

"ஆச்சா டீச்சர்?"

"ஆச்சும்மா."

கெங்கம்மா ஓடி வந்து தன் வைக்கோலைப் போட்டாள். "நீ இன்னா பண்ணே?" என்று அலங்காரம் கேட்டே விட்டாள். பிள்ளை உதட்டை இறுக மூடிக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போயிற்று.

அப்போது எரிந்தது பாருங்கள் வயிறு, அதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. சுரூபம் யார் தொட்டிக்குப் போனால் என்ன! இப்படி ஒரு பிள்ளையை அந்தப் பெண் ஆக்கி வைத்திருக்கிறாளே! நம் பிள்ளைகளை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? அலங்காரம் விடுவிடென்று தன் வகுப்புக்குப் போனாள்.

மணி அடித்துப் பிள்ளைகள் வந்ததும் லாசர் எழுந்தான். "டீச்சர், நான் இன்னிக்கு..."

"உக்காருடா. யாரும் ஒண்ணும் சொல்லவாணாம்." தொட்டியை நடுவில் இழுத்து வைத்தாள். "பொய்யாப் போட்டது எதுன்னு அவங்கவங்களுக்குத் தெரியும். வந்து எடுத்துடுங்க. நான் பாக்கமாட்டேன், கேக்கமாட்டேன், அடிக்கமாட்டேன். தப்பு எம்மேலதான்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். கொஞ்சம் போகும், போனாலும் நாம்தான் ஜெயிப்போம் என்று அப்போதும் ஒரு நப்பாசை. முதலில் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு ஒரு ஜோடிக் கால் நடந்தது. பிறகு பல கால்கள். சரசரவென்ற சத்தம் நிற்கிற வழியாக இல்லை. யாரோ விசும்புவதும் கேட்டது. அவள் திரும்பவில்லை.

"ஆச்சு டீச்சர்."

தொட்டியின் அடிப்பலகை தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வைக்கோல்கள் மட்டும் கிடந்தன. லாசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "என்னுது ஒண்ணே ஒண்ணு வுட்டு வெச்சிக்கீறேன் டீச்சர். அது நெசமாலும் பண்ணது."

அந்த நேரம் பார்த்துத்தான் மதர் சுரூபத்தை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். "என்ன அலங்காரம், இந்த வருஷம் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மதர்," என்றாள் அலங்காரம்.

பாலன் ஜெசிந்தாவின் தொட்டிக்குப் போனார். ஊர்வலம் கிளம்புகிற பாட்டுச் சத்தம் கேட்டது. பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? பிள்ளைகளை வரிசையாக அனுப்பிவிட்டு அவள் மட்டும் பின்தங்கினாள். கடற்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. தன் தொட்டியில் மிஞ்சியிருக்கிற வைக்கோலும் பறந்துபோய்விடுமே என்று, ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினாள்.