வெயில் நிற்கும் மூலை

மத்தியான உறக்கத்தில் அவருக்கு எப்போதும் ஒரே கனவுதான் வரும். சுவரே இல்லாத ஒரு தரை. முழங்காலிட்டு டைல்ஸ் பதித்துக்கொண்டே போவார். பதிக்கப் பதிக்கத் தரை முன்னால் நீண்டுகொண்டே போகும். கலவை தீராது, முழங்கால் வலிக்காது, ஈரம் காயுமுன் செருப்புக் காலோடு குறுக்கே நடக்க ஒரு பயல் வரமாட்டான். டைல்ஸ் பதிக்கிறவருக்கு இதைவிடப் பெரிய சொர்க்கம் என்ன இருக்கிறது? அன்றைக்கு அந்தச் சொர்க்கத்துக்குள் ஒரு சத்தம் வந்தது. சரக், சரக் என்று யாரோ அவர் முதுகுக்குப் பின்னால் தரையைச் சுரண்டினார்கள்.

விழித்துப் பார்த்தார். கனவு போய்விட்டது, சத்தம் போகவில்லை. பின்முற்றத்து மூலையில் மேஸ்திரி பின்னங்கால்களை மாற்றி மாற்றி வீசித் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி அவரும் மனைவியும் வளர்க்கும் ஆமை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வீட்டுத் தோட்டத்தில் இருந்த குளத்தைத் தூர்த்து, மேலே டைல்ஸ் போடச் சொன்னார்கள். வண்டல் அள்ளும்போது உள்ளங்கை அளவில் கிடந்தது. கலவை வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்போது வந்திருந்த கொழுந்தியாள், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்கக்கா" என்றாள். "அமீனா வந்தா சட்டி பானையைத் தூக்கிட்டுப் போவான். இது எதைடி தூக்கிட்டுப் போகப் போகுது?" என்று சொல்லிவிட்டு, மனைவி ஒரு பழைய குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்தாள். அன்றிலிருந்து அது தினமும் சாயங்காலம் தொட்டியைவிட்டு இறங்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு, அறை அறையாகச் சுவரோரம் நடந்து வரும். ஆட்களின் வேலையில் குறை கண்டுபிடிக்க வந்த நடை. அதனால்தான் மேஸ்திரி என்று பெயர் வைத்தார்கள்.

அவருக்கும் தொழிலில் ஒரு பெயர் உண்டு: குமிழி. ஒருநாள் பாதிச் சாப்பாட்டில், தம்ளரில் தண்ணீர் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறதே என்று எழுந்துபோய் ரசமட்டத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்து, அதன் கண்ணாடிக்குள் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். கூடச் சாப்பிட்ட கொத்தனார் சும்மா விடுவாரா? மறுநாளே ஊர் முழுக்கக் குமிழி ஆகிவிட்டார்.

ஐந்து நாளாக மேஸ்திரி எதையும் வாயில் வைக்கவில்லை. கீரை கிடந்து வாடியது, இறால் கிடந்து நாறியது. சாயங்காலம் மட்டும் வருகிற நடை, இப்போது காலையிலிருந்து ஓயாத நடையாகிவிட்டது. காலில் ஏதோ கோளாறு என்று குமிழி தீர்மானித்தார். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அதிகாலை வேலை முடித்து, நீராவியில் வெந்த கண்களோடு வந்ததும், இருவரும் ஆமையை அதே கலவை வாளியில் வைத்து விலங்கு மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள்.

டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். ஓட்டுக்குள்ளே ஏழு வெள்ளை நீள்வட்டங்கள், பனிக்குள் எரிகிற விளக்குகளாகத் தெரிந்தன.

"உங்க மேஸ்திரி ஆம்பளை இல்லைங்க. வயித்துல ஏழு முட்டை இருக்கு."

மனைவி வாளிக்குள் குனிந்தாள். "அடிப்பாவி, பன்னண்டு வருஷமா கூடவே இருக்கேன், என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"ஜோடியே இல்லாம எப்படிங்க?" என்றார் குமிழி.

"கோழி போடலையா? அது மாதிரிதான். குஞ்சு வராது, ஆனா முட்டை போட்டே ஆகணும். அதுக்கு மண்ணு வேணும். ஒரு சாண் ஆழமாவது தோண்டுற மாதிரி ஈர மண்ணு. மனசுக்குப் பிடிச்ச இடம் கிடைக்கலைன்னா உள்ளயே அடக்கி வச்சுக்கும். ரொம்ப நாள் அடக்கினா முட்டை உள்ளயே இறுகி, உயிருக்கு ஆபத்து. ஒரு வாரம் பாக்கலாம், அப்புறம் ஊசி. அதுக்கும் வரலைன்னா ஓட்டை அறுத்து எடுக்கணும். பட்டினி கிடக்குற உடம்பு, அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது." அவள் ஒரு சீட்டில், சுண்ணாம்புச் சத்துக்காகத் தொட்டித் தண்ணீரில் கணவாய் மீன் ஓடு போடும்படி எழுதினாள். "வீட்டுல மண் தரை இருக்குல்ல?"

குமிழி விட்டத்தைப் பார்த்தார். மனைவி குமிழியைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் மண்ணா! முப்பது வருடத் தொழிலில் ஒவ்வொரு வேலையிலும் மிஞ்சிய டைல்ஸைச் சேர்த்துச் சேர்த்துத் தரை, படி, மாடி, தோள் உயரத்துக்குச் சுவர் என்று எல்லாவற்றையும் மூடியிருந்தார். பின்முற்றம்தான் அவருடைய பெருமை. எந்த இரண்டு துண்டும் ஒரே வீட்டுடையது இல்லை. நீலம், செம்பழுப்பு, மீன் செதில், பூக்கோலம். இருந்தும் ஒரு இணைப்பிலும் நகம் நுழையாது. அதைப் போடும்போது ஒரே ஒரு மூலையை மண்ணாக விடச் சொல்லி மனைவி கேட்டாள், ஒரு செடி வைக்க வேண்டுமாம். "மண்ணை விட்டா ஈரம் ஏறும், எறும்பு வரும்" என்றார். இன்னும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, அவரும் அதை மறந்துபோனார்.

எங்கோ போய் ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கொண்டுவந்து, முற்றத்துப் பக்கம் திறந்திருக்கும் அறையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்து, அதில் ஒரு முழம் உயரத்துக்கு நிரப்பினார். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் அவர் கைக்குத் தெரியாததா? மேலே சூடு விளக்கு மாட்டினார். ஏறி இறங்கச் சாய்பலகை வைத்தார். எல்லாம் சரிதான், கடைசியில் பழக்க தோஷம் விடவில்லை. மட்டப்பலகையால் மண்ணைத் தட்டித் தட்டி இறுக்கி, இழுத்துச் சமன் செய்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். பிறகு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரி ஏறியது. நாலு மூலையும் நடந்தது. பின்னங்காலால் இரண்டு கீறு கீறியது. அப்புறம் கழுத்தைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

"பிரசவ அறையில முக்காலி போட்டு எதிர்ல உக்காந்தா யாருக்குங்க வரும்?" என்றாள் மனைவி.

முக்காலியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு வெளியே போனார். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சாவித் துவாரம் வழியாகப் பார்த்தார். ஐந்து நாள் இப்படியே போயிற்று. ஐந்து நாளும் மேஸ்திரி ஏறும், இரண்டு கீறு கீறும், இறங்கி நேராகப் பின்முற்றத்து மூலைக்குப் போய் டைல்ஸைச் சுரண்டும். தூக்கி வந்து மண் தொட்டியில் விடுவார். அது மறுபடி மூலைக்குப் போகும். அவருக்கு வேலை ஓடவில்லை. ஒரு குளியலறையில் இரண்டு டைல்ஸைத் தலைகீழாகப் பதித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயர்த்துப் பதித்தார்.

டாக்டரம்மா சொன்ன ஒரு வாரத்தில் ஆறாம் நாள் மத்தியானம் கண் அசந்தபோது அதே தரை வந்தது. ஆனால் இந்தத் தடவை பதிக்க அவர் கையில் ஒன்றும் இல்லை. பதித்த டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது. குனிந்து காதை வைத்தார். கீழே அந்தத் தூர்த்த குளம் அப்படியே இருந்தது. பச்சை வெளிச்சத்தில் மேஸ்திரி நீந்தி வந்து, அவர் காதுக்கு நேர் கீழே நின்று, உள்ளிருந்து சுரண்டியது. திற என்றும் சொல்லவில்லை, ஏன் மூடினாய் என்றும் கேட்கவில்லை, சுரண்டியது. அவர் திறக்கத் தேடினார். ஒரு இணைப்பிலும் நகம் நுழையவில்லை.

எழுந்து பின்முற்றத்துக்கு ஓடினார். மேஸ்திரி மூலையில் நின்று சுரண்டிக்கொண்டிருந்தது. நீல டைல்ஸில் சிவப்பாக இரண்டு கோடு. பின்னங்கால் நகம் ஒன்று பிய்ந்திருந்தது.

குமிழி குனிந்தார். மற்ற இடமெல்லாம் சுவர் நிழல் இறங்கி அந்த மூலையில் மட்டும் வெயில் கிடந்தது. கை வைத்துப் பார்த்தார், இதமான சூடு. இதே இடத்தில் இதேபோலக் குனிந்து, தரையில் கை வைத்து ஒருத்தி பேசிய குரல் அவருக்குக் கேட்டது. கூடத்துப் பக்கம் திரும்பினார். மனைவி அரைக்கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள், சலவைக்கூடத்து நீராவி இன்னும் தலைமுடியில் இருந்தது.

அவர் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார்.

முதல் அடி விழுந்ததும் மனைவி எழுந்து வாசற்படியில் வந்து நின்றாள். நீலம் உடைந்தது, பூக்கோலம் உடைந்தது. ஒரு துண்டைக்கூட முழுசாக எடுக்க அவர் முயலவில்லை. ஒன்பது டைல்ஸ் போனபின், கீழே சிமென்டையும் பெயர்த்தார். அதற்குக் கீழே, பத்தொன்பது வருடமாக வெளிச்சம் படாத கறுப்பு மண் இருந்தது. அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மண் வாசனை எழுந்து வந்து இருவரையும் ஒரு நிமிடம் கட்டிப்போட்டது.

அவர் கொத்திக் கிளறி, கட்டி உடைத்து, பொலபொலப்பாக்கி, தொட்டி மண்ணையும் கலந்து மேலே கொட்டினார். கை தானாக மட்டப்பலகையைத் தேடியது.

"மட்டம் பாக்காதீங்க" என்றாள் அவள்.

மேடும் பள்ளமுமாக விட்டுவிட்டு எழுந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும். மேஸ்திரியின் காலைக் கழுவி மருந்து தடவி மண்ணோரம் விட்டார்கள். பிறகு கூடத்தில், முற்றத்துக்கு முதுகு காட்டி, தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

சத்தமே இல்லை. டைல்ஸைச் சுரண்டினால் கேட்கும், மண்ணைத் தோண்டினால் என்ன கேட்கும்? தோண்டுகிறதா, செத்துக் கிடக்கிறதா என்றே தெரியாமல், திரும்பியும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வெயில் சுவர் ஏறி மஞ்சளாகி, அப்புறம் சாம்பலாகியது. மனைவி அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் மூச்சும், வெளியே இருந்த மௌனமும் ஒன்றாகி, தரை மெதுவாக மிதப்பதாக அவருக்குத் தோன்றியது. தரை மட்டமாக இருக்கிறதா என்று அப்போது அவர் நினைக்கவில்லை.

ஏதோ ஈரமாகக் காலில் பட்டது. மேஸ்திரி அவர் பாதத்தின்மேல் ஏறி இறங்கி, பளபளக்கும் தரையில் சேற்றுக் கோடு போட்டுக்கொண்டு, தொட்டியை நோக்கி நடந்தது. வழியில் கிடந்த வாடிய கீரையை நின்று கடித்தது.

இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். தோண்டின அடையாளமே தெரியவில்லை. வயிற்று ஓட்டால் தட்டித் தட்டி, மேடு பள்ளமெல்லாம் சமன் செய்திருந்தது. குமிழியால் பொறுக்க முடியவில்லை. ரசமட்டத்தை எடுத்துவந்து வைத்தார். குமிழி நட்டநடுவில் வந்து நின்றது.

"மேஸ்திரின்னு சும்மாவா பேர் வச்சோம்?" என்றாள் அவள்.

எல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்க வேண்டுமே. விரலால் மெல்ல மண்ணை விலக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது வந்ததும் அவர் நிறுத்தினார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டைகளை அப்படியே மூடினார்கள். குஞ்சு வராது என்று இருவருக்கும் தெரியும்.

"எப்போ திரும்பப் போடப் போறீங்க?" என்று உடைந்த நீலத் துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"போடல." அவர் கைமண்ணைத் தட்டினார். "இந்த மூலையிலதான் வெயில் நிக்கும்னு நீ சொன்ன."

"எப்போ?"

"முற்றம் போடும்போது. பத்தொன்பது வருஷம் ஆச்சு."

"இன்னுமா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"ஞாபகம் இல்ல. இன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. ஓரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன செடி வைக்க நெனச்சேன்னு இப்போ எனக்கே மறந்துபோச்சுங்க" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "மெதுவா யோசி. மண்ணு எங்கேயும் போகாது."