எண்ணும்போது விட்டுவிட வேண்டியவன்

பூருல் கைபேசியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள். தொக்தோசுன் அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

"சின்ன மாமா, அது படம் புடிக்கல. பேச்ச மட்டுந்தான் புடிக்குது."

"பேச்சத்தான் புடிக்க வேணாங்கிறேன்."

அவருக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம், ஆட்டுக்குப் பின்னால் ஐம்பது வருஷம். கூட்டுப் பண்ணைக் காலத்தில் யாராவது பேனாவும் காகிதமுமாக வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனால், பிறகு ஊரில் ஏதாவது ஒன்று குறையும், ஆடோ ஆளோ. இப்போது காகிதம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தார்.

பூருல் அவருடைய அண்ணன் ஷெர்காசியின் மருமகள். அண்ணன் போய் ஆறு வருஷம். அண்ணி சால்கினும் பூருலும் மேல்வீட்டில், இவர் கீழ்வீட்டில். பூருலின் புருஷன் எசென் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறான். பெரியவர்கள் வாழ்ந்த கதையை அவரவர் வாயால் பதிந்து அனுப்பு, வண்டியில் கேட்டுக்கொண்டே போகிறேன் என்று சொன்னது அவன்தான். பதினைந்து கேள்விகளை எழுதியும் அனுப்பியிருந்தான்.

"மொதல்ல பேர் சொல்லணும் மாமா."

"நீயே சொல்லேன்."

"நான் எப்படிச் சொல்லுவேன்?"

புருஷன் வீட்டு ஆண்களின் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அவர்கள் ஊரான அத்-பாஷியில் இப்போது அதைப் பாதிப் பெண்கள் விட்டுவிட்டார்கள். பூருல் விடவில்லை.

"அப்ப ஆள் யாருன்னு மெஷினுக்குத் தெரியாது. நல்லதாப் போச்சு," என்றார்.

"கீழ்வீட்டுப் பெரியவர் பேசுறாங்க," என்று கைபேசியிடம் சொல்லிவிட்டு அவள் அடுத்த கேள்விக்குப் போனாள். முதல் குதிரை. பட்டாளம். கல்யாணம். எல்லாவற்றுக்கும் ஒரு வரிதான் பதில். குதிரைக்கு மட்டும் மூன்று வரி.

"ஏழாவது. உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை?"

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இத யார் எழுதினது?"

"அவங்கதான்."

ஐம்பத்து மூன்று வருஷத்துக்கு முன் அவருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தவன் எசென். அண்ணனுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகியும் தொட்டில் இல்லை. நாற்பதாம் நாள், நாற்பது கரண்டி நீரில் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்ததும், தன் ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றி மேல்வீட்டுக்கு எடுத்துப் போனார். அண்ணன் வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். இனிமேல் எண்ணும்போது இவனை விட்டுவிட்டு எண்ணு. இவர் சரி என்றார். அவர் மனைவி ஜீபெக் மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாலாம் நாள் எழுந்து பால் கறக்கப் போனாள். அதற்குப் பிறகு நாலு பிறந்தன. நாலு என்றே சொல்லி வந்தார்கள். ஜீபெக் சாகும்வரை நாலுதான்.

ஊருக்கெல்லாம் தெரியும். எசெனிடம் யாரும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரியுமா என்பது தொக்தோசுனுக்குத் தெரியாது. ஏழு வயதில், வழக்கப்படி விருந்தாளிகள் முன்னால் நின்று அவன் ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயரைச் சொன்னான். முதல் பெயர் ஷெர்காசி. இரண்டாவதிலிருந்து எல்லாம் இவருக்கும் சொந்தமான பெயர்கள்தான். எல்லாரோடும் சேர்ந்து இவரும் கை தட்டினார்.

"அண்ணி இதுக்கு என்ன சொன்னாங்க?" என்றார்.

"அத நீங்களே கேட்டுக்குங்க. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தருக்குப் போட்டுக் காட்டக் கூடாதுன்னு ரஷ்யாவுலேருந்து உத்தரவு."

தொப்பியை எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்கு நடந்தார்.

சால்கின் அடுப்போரம் உட்கார்ந்து உலர்ந்த தயிர் உருண்டை ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டிருந்தாள். எண்பத்தாறு வயது. அவள் மணப்பெண்ணாக வந்தபோது இவருக்குப் பத்து. கொழுந்தன் பெயரையும் சொல்லக்கூடாது என்பதால் அன்றைக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தாள். அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"வா பொடியா. மெஷின் கடிச்சிருச்சா?"

"பிள்ளை எத்தனைன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க அண்ணி?"

"வளத்தது ஒண்ணு, பெத்தது இல்லன்னேன். மிச்சத்தக் கீழ்வீட்டுல கேளுன்னேன்."

"அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நீ குடுத்த. எங்கிட்ட அந்த மனுஷன் கேக்கவே இல்லையே."

"வயசாயிருச்சு உங்களுக்கு. வாய் நிக்க மாட்டேங்குது."

"நிக்கத்தான் போகுது. என் குழிக்கு மண்ணு தள்ள அவன் வருவான்ல, அன்னிக்கு எவனாவது குடிச்சிட்டு அவன் காதுல ஊதுவான். அதுக்கு நீ சொல்றது தேவல."

"கேட்டுட்டு உங்கள விட்டுட்டான்னா?"

"அம்பத்திமூணு வயசுக் கெழவன் என்னை விட்டுட்டு எங்க போவான்? போ பொடியா, கதவு தெறந்து கெடக்கு, குளிர் உள்ள வருது."

இதில் ஏதாவது சூது இருக்குமா என்று வழியெல்லாம் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. அது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

திரும்பி வந்தபோது தேநீரில் ஏடு படிந்திருந்தது. கைபேசியை அவரே நிமிர்த்தி வைத்தார்.

"ஓடுதா?"

"ஓடுது மாமா."

"பெத்தது அஞ்சு. எண்ணுறது நாலு. மூத்தவன அண்ணனுக்குக் குடுத்தேன், நாப்பதாம் நாள். அவந்தான் எசென். என் கோட்டுல சுத்தி எடுத்துட்டுப் போனேன். வழியில அழல."

"யாரு, பிள்ளையா, நீங்களா?"

"குறுக்க பேசாத. அவன் ஷெர்காசி மகன். ஏழு பேர் சொல்லும்போது ஷெர்காசிதான் மொதல்ல வரணும். இப்பவும் அதேதான். திருப்பிக் கேக்க நான் வரல. கேட்டான், சொன்னேன். அடுத்தது என்ன?"

அடுத்தது பிடித்த சாப்பாடு. கறி என்றார்.

மூன்றாம் நாள் பூருல் கைபேசியோடு கீழ்வீட்டுக்கு வந்தாள். எசெனின் குரல், பின்னால் லாரி இரைச்சல்.

"சின்னப்பா, கேட்டேன். வண்டிய ஓரங்கட்டிட்டு ரெண்டு தடவ கேட்டேன். அந்த ஏழாவதுக்காகத்தான் மத்த பதினாலையும் எழுதினேன். ஒரு குறை. பேர் சொல்லாம விட்டுட்டீங்க. யார் பேசுறதுன்னு பின்னால கேக்குறவங்களுக்குத் தெரியணும்ல. பேரச் சொல்லி அனுப்புங்க."

அவ்வளவுதான். சின்னப்பா என்றுதான் சொல்லியிருந்தான். அதைத் தொக்தோசுன் கவனித்தார். சரிதான் என்று பட்டது.

"அமுக்கு," என்றார் பூருலிடம்.

அவள் அமுக்கினாள்.

"தொக்தோசுன்," என்றார். பிறகு தகப்பன் பெயர், அதற்கு மேல் இருந்த ஆறு பெயர்கள், ஒன்றும் விடாமல்.