பாதித் தெரு பாக்கி

கொழுந்தன் விசிலையும் டார்ச்சையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்ததும் நர்ஸ் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். அது அவள் கணவனுடைய விசில். அவனோடு தொட்டிக்குள் போய், அவனோடு வெளியே வந்தது.

"இன்னைக்கு நம்ம வீட்டு முறை அண்ணி. நான் சுத்திட்டு வந்துடறேன். அப்படியே சங்கத்துல உறுப்பினர் பேரையும் எனக்கு மாத்திடலாம்னு செயலாளர் சொல்றாரு."

அது புதுக் குடியிருப்பு. பாதி வீடுகளுக்கு இன்னும் சன்னல்கூட வைக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு ஓர் ஆண் முறை வைத்து விசிலடித்துத் தெருக்களைச் சுற்றி வரவேண்டும் என்பது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதி. போன முறை அவள் கணவன் போனான். தெருப் பாதியில் தரைக்குள் கட்டிய பொதுத் தண்ணீர்த் தொட்டியின் வாயில் போட்டிருந்த பலகை, அவன் கால் வைத்ததும் முறிந்தது.

இரும்பு மூடி போடச் சொல்லிச் செயலாளரிடம் இரண்டு தடவை நடந்தாள். கூட்டத்தில் பேசலாம் என்றார். தானே வந்து பேசுவதாகச் சொன்னதற்கு, பெண்களைச் சேர்க்கிற வழக்கமில்லை, பெயர் மாறும்வரை உங்கள் வீட்டுக்காரர்தான் உறுப்பினர் என்றார். வீட்டுப் பத்திரம் அவள் பெயரில் இருந்தது. அதனால் என்ன? செத்தவனுக்கு இடமுண்டு, இருக்கிறவளுக்கு இல்லை, நல்ல சங்கம்! தொட்டிக்கு மட்டும் வேறொரு பலகை வந்தது.

எத்தனையோ சாவுகளைப் பார்த்தவள் அவள். போனவர்கள் வரமாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்று அவன் விசில் காதில் விழும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நிற்பாள்.

"நீங்க இருங்க தம்பி. இது அவரு முறை" என்று சொல்லி விசிலை எடுத்துக்கொண்டாள். கணவனுடைய ரப்பர் செருப்பையே மாட்டிக்கொண்டாள்.

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஒரு வீட்டில் டிவி சத்தம் நின்றது. இன்னொரு வாசலில் ஒருத்தி பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆளில்லாத வீடுகள் விசிலைத் திருப்பி அனுப்பின. பெரிய செருப்பு சளப் சளப்பென்று அடிக்க, யாரோ கூடவே வருவதுபோல் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் இல்லாமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

தொட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்று, விடாமல் ஊதினாள். கதவுகள் திறந்தன. ஆண்கள் கூடிவிட்டார்கள். செயலாளரும் வந்தார்.

"யாரது?" செயலாளர் எட்ட நின்றே கேட்டார்.

"மூலை வீட்டு உறுப்பினர் சார்."

"என்னம்மா இது? அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே..."

"அவருதான் உறுப்பினர்னு நீங்கதானே சொன்னீங்க. அன்னைக்கு இதுவரைக்கும்தான் வந்தாரு. இன்னும் பாதித் தெரு பாக்கி. மூடி போட்டாத்தான் தாண்டிப் போவாரு."

மறுபடியும் விசிலை வாயில் வைத்தாள். அதைப் பிடுங்க ஓரடி எடுத்து வைத்த செயலாளர், காலடியில் பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.