நீல மிதியடியின் சூடு

“தெரியாம வெட்டிட்டேன்னு எத்தனை தடவ சொல்றது? காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?” என்று நாத்தனார் கத்தியபோது, அவள் காலடியில் விரித்திருந்த புதுத் துணி மிதியடி கொதிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் உள்ளங்கால் சுட்டது, அப்புறம் லேசாக ஆவி வந்தது. அவள் துள்ளித் தள்ளி நின்றாளே தவிர வாயை மூடவில்லை. எதிரே நின்றவள் தம்பி மனைவி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பிள்ளை பெற்று இரண்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுநாள் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவள். மிதியடியாகிக் கிடந்தது அவளுடைய வேலை உடுப்பு.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அலமாரியில் இருப்பது உடுத்த, பழைய தலையணை உறைக்குள் முடிச்சுப் போட்டு வைத்தது வெட்ட. பழந்துணியைக் கண்டால் நாத்தனாருக்குக் கை நிற்காது. கிழிந்த சட்டை காய்கறிப் பையாகும், நைந்த போர்வை குஷன் உறையாகும். தெருவில் அவள் தைத்த உறை இல்லாத நாற்காலி கிடையாது, வேண்டாம் என்றவர் வீட்டிலும் மாட்டிவிட்டே வருவாள். பிள்ளை பால் கக்கிவிடுமே என்று கிரேன்காரி தன் உடுப்பைத் துவைத்து மடித்து ஒரு தலையணை உறைக்குள் போட்டு வைத்ததுதான் வினை. கெட்டியான நீலத் துணி. ஒரே மத்தியானத்தில் கால்கள் இரண்டு பைகளாயின, கைகள் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணியாயின, முதுகு மிதியடியானது. தையல் சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது.

“தெரியாம வெட்டினவங்க, பாக்கெட் மேல இருந்த நம்பர் பேட்ஜை மட்டும் ஏன் அண்ணி நூல் நூலா பிரிச்சு எடுத்து வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள் கிரேன்காரி.

நாத்தனார் ஊசியில் நூல் கோத்தாள். பிறகு, “சரி, தெரிஞ்சுதான் வெட்டினேன்னே வெச்சுக்கோ. நீ பாட்டுக்கு வானத்துல ஏறி உக்காந்துக்குவ, உன் புள்ளைக்கு மூக்கு சிந்தி விடறது யாரு? புருஷனும் பொண்டாட்டியும் என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றாள். நியாயமான கேள்விதான். கத்தரிக்கோலால் கேட்டிருக்க வேண்டாம். “அக்கா சொல்றதும்...” என்று ஆரம்பித்த புருஷன், மனைவி பார்த்த பார்வையில் “இல்ல, நீ சொல்றதும்...” என்று மாற்றி, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

“தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்.”

“சொல்ல மாட்டேன் போ.”

மறுநாள் கணவனின் சட்டை பேன்ட்டில் போனவளை, உடுப்பில்லாமல் ஏறக் கூடாது என்று சூப்பர்வைசர் கீழேயே நிறுத்தினார். அன்றே அந்தக் கிரேன் வேறொருவன் கைக்குப் போனது. அடுத்தது காலியாக எட்டு மாதம் பிடித்தது. அந்த எட்டு மாதமும், அதற்குப் பிறகும் நீலத் துணி ஆறவில்லை. எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்து, கரண்ட் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பைகள் இரண்டும் அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே கொடுபட்டிருந்தன; அவற்றில் வாங்கிய தக்காளி வீடு வருவதற்குள் வெந்துவிடும். பிடிதுணியைப் பிடிக்க இன்னொரு பிடிதுணி வேண்டியிருந்தது. கிரேன்காரிக்கு மட்டும் எதுவும் சுடவில்லை. மழைக்காலத்தில் ஈரத்துணி உலர்த்தத் தெருவே அந்த மிதியடி முன் வரிசையில் நின்றது. நாத்தனார் எங்கே மன்னிப்புக் கேட்டுத் தொலைத்துவிடுவாளோ என்று பலருக்கு உள்ளூரப் பயமும் இருந்தது.

பயந்திருக்க வேண்டாம். அவள் டீ போட்டுக் கொடுத்தாள், படுக்கை விரிப்புகளை வெட்டிப் புது உடுப்பு தைத்துப் பார்த்தாள், வேலை கிடைத்ததும் பிள்ளையை யாரும் கேட்காமலே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. “டீ நல்லா இருக்கு அண்ணி, வார்த்தை எங்க?” என்பாள் கிரேன்காரி, தினமும், சிரிக்காமல்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு வேறொரு துறைமுகத்தில் இன்னும் உயரமான கிரேன் கிடைத்தது. புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மிதியடியைப் பார்க்க வந்த இஸ்திரிக்கடைக்காரர் மூன்று முறை மிதியடியையே பார்த்தார். நான்காம் முறை நாத்தனாரையும் பார்த்தார். நாற்பத்தொரு வயதில் அவளுக்கு அவரோடு கல்யாணம் நடந்தது. மிதியடியோடுதான் போனாள். அந்தக் கடையில் இப்போது கரி வாங்குவதில்லை. இரண்டு பெண்களும் மாதம் ஒரு முறை ஃபோனில் பேசுகிறார்கள். பிள்ளை, மழை, முட்டிவலி என்று எல்லாம் பேசிவிட்டு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வராமலே வைத்துவிடுகிறார்கள். அன்றைக்குச் சட்டைகள் கொஞ்சம் தீய்ந்துதான் வரும். தெருக்காரர்கள் அன்று துணி போடுவதில்லை.