தொடப்போறேங்க

“தொடப்போறேங்க,” என்று சொல்லிவிட்டு மெர்லின் சற்றுக் காத்திருந்தாள். பிறகுதான் கணவனின் தோளில் கை வைத்தாள். சொல்லாமல் தொட்டால் எட்வினின் உடம்பு வில்லாக வளைந்து இறுகிவிடும். வருஷக்கணக்கில் சொல்லிப் பழகிய வாய். அவன் இறந்துவிட்டான் என்று தெரிந்தும் அது தானாகவே சொல்லியிருந்தது.

ஈரத்துணியால் அவன் வாயோரத்துக் கஞ்சியைத் துடைத்தாள். காலையில் இரண்டு வாய் குடித்திருந்தான். அடுத்த கரண்டியை எடுக்கும்போது முதுகு வளைந்து, தாடை பூட்டிக்கொண்டது. எப்போதும் வருகிற இறுக்கம்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “போயிடும், போயிடும்,” என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இறுக்கம் போனது. மூச்சு திரும்பவில்லை.

கள்ளக்குறிச்சிக்கும் திருக்கோவிலூருக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் எட்வின். எவ்வளவு நெரிசலிலும் படிக்கட்டில் ஒற்றைக்காலில் நின்று டிக்கெட் கிழிப்பான். ஒருநாள் மணலூர்பேட்டை நிறுத்தத்தில், பின்னால் வந்த கரும்பு லாரி ஹாரன் அடித்ததும் வெட்டிய மரம்போலச் சாய்ந்தான். விழும்போது கையை ஊன்றக்கூட முடியவில்லை. அதற்குப் பிறகு பாத்திரம் விழுந்தாலும், கதவு சாத்தினாலும், யாராவது தும்மினாலும் அதே கதி. பயந்திருக்கிறான் என்றார்கள். காத்து கறுப்பு என்றார்கள். நடிக்கிறான் என்று சொன்னவர்களும் உண்டு.

கடைசியில் சென்னையில்தான் தெரிந்தது. முதுகிலிருந்து நீரும் கையிலிருந்து ரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டு, மணிமொழி என்ற இளம் டாக்டர் மெர்லினை உட்காரவைத்துச் சொன்னாள்.

“நம்ம நரம்புல எப்பவும் ரெண்டு உத்தரவு ஓடிக்கிட்டே இருக்கும்மா. ஒண்ணு, இறுக்கு. இன்னொண்ணு, போதும், விடு. அந்த ‘விடு’ங்கிறத வாங்கிக்கிறதுக்குன்னு தண்டுவடத்துல குட்டிக் குட்டியா ஏற்பிகள் இருக்கு. நோய்க் கிருமிய எதிர்க்கிறதுக்கு ஒடம்பு ஒரு எதிர்ப்பொருள் செய்யுமில்ல, அந்த மாதிரி ஒண்ணு இவருக்கு அந்த ஏற்பிங்க மேலயே போய் உக்காந்துடுச்சு. சத்தம் கேட்டா இறுகுது. விடுன்னு சொல்றது போய்ச் சேரல.”

“மூள கெட்டுப்போச்சுங்களா?”

“இல்லம்மா. அவருக்கு எல்லாமே தெரியும்.”

ஊர் திரும்பும் பஸ்ஸில் மெர்லின் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள், விட்டாள். கை அவள் நினைத்தபடி மூடியது, நினைத்தபடி திறந்தது. பக்கத்தில் ஒருவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு குழந்தை தாயின் தலைமுடியைப் பிடித்து இழுத்து விளையாடியது. இத்தனை பேருக்குள்ளும், யாரும் கேட்காமலே, ஏதோ ஒன்று ஒவ்வொரு நொடியும் ‘போதும், விடு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு காலம் அது தனக்குத் தெரியவே தெரியாதே என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் மண்டியிடும்போதுகூட அப்படி ஒரு சிலிர்ப்பு வந்ததில்லை.

ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், ஊசிகள் போட்டார்கள். ஒரு கோடை முழுக்க எட்வின் நடந்தான். பெண்ணையாற்று மணலில் அவளோடு உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றான். சிலருக்கு நீடிக்கிற அந்தக் குணம் அவனுக்கு நீடிக்கவில்லை.

அப்புறம் தெருவே அடங்கியது. யார் சொல்லி அடங்கியது என்று இன்றுவரை மெர்லினுக்குத் தெரியாது. பக்கத்து வீடுகளில் குக்கர் விசில் நின்று, சோறு பானையில் வெந்தது. கோயில் ஒலிபெருக்கி வேறு பக்கம் திரும்பியது. மாமனார் சின்னப்பன் தன் இருமலுக்குப் பயந்து, கட்டிலைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். தினமும் ஜன்னல்வரை வருவார். மகனைப் பார்ப்பார். தொண்டை கமறத் தொடங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.

“இன்னா மெர்லினு, ஊரே எனக்காகப் பூன மாரி நடந்துக்கினு இருக்குது,” என்பான் எட்வின். சிரித்தாலும் உடம்பு இறுகும். ஆனாலும் சிரிப்பான்.

இப்போதும் ஊர் அப்படித்தான். சொந்தக்காரர்கள் செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வைத்தார்கள். கூடத்தில் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சாவு வீட்டில் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

சட்டை மாற்றுவதற்காக மெர்லின் அவன் கையைத் தூக்கினாள். கை இறுகாமல் அவளோடு வந்தது. முழங்கை மடங்கியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எட்வினின் தாய் உபகாரமேரி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. உதட்டைக் கடித்து அடக்கியபடி, மருமகளிடம் கிசுகிசுத்தாள்.

“மெர்லினு... சத்தமா அழலாமாடி?”

மெர்லின் திரும்பி எட்வின் முகத்தைப் பார்த்தாள்.

“அழுங்க அத்த.”

ஒரு கணம் யாராலும் முடியவில்லை. பிறகு, “எப்பா... எட்வினு...” என்று உபகாரமேரி மார்பில் அறைந்துகொண்டு கதறினாள். கூடத்திலிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொள்ள, வீட்டின் ஓடுகள் அதிர்வதுபோல இருந்தது. மெர்லின் பாய்ந்து இரண்டு உள்ளங்கைகளாலும் எட்வினின் காதுகளைப் பொத்தினாள்.

அவன் அசையவில்லை. இமை துடிக்கவில்லை. கழுத்து நிமிரவில்லை. அவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவே அமைதியாகக் கிடந்தான். அவள் கைகளை மெல்ல மெல்ல எடுத்தாள்.

சின்னப்பன் உள்ளே வந்தார். கையில் ஜெபமாலையும் வெள்ளைத்துணிக் கிழிசலும் இருந்தன.

“கையச் சேத்துக் கட்டிடணும்மா. நேரமானா வெறைச்சிக்கும்.”

“தெரியும் மாமா. கொஞ்ச நேரம் போவட்டும். இப்டி உக்காருங்க.”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மெர்லின் எட்வினின் வலது கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“புடிச்சிப் பாருங்க.”

தொடுவதற்கு முன் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “வலிக்காதில்ல?”

“வலிக்காது மாமா.”

சின்னப்பன் மகனின் மணிக்கட்டைப் பிடித்து மடக்கினார், நீட்டினார். நம்பாதவர்போல மறுபடி மடக்கினார். வெளியே அழுகை ஏறிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக உள்ளங்கைக்குள் மடித்து, தன் கையால் மூடி, பிறகு கையை எடுத்தார்.

விரல்கள் மெதுவாகத் திறந்துகொண்டன.

அவர் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் சுண்டுவிரலை மடித்தார்.