சக்கரம் அவர் பக்கம்

மெஷின் வந்ததும் நானும் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். மெஷின் வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

பார்சல்காரர்கள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிவந்து கடை வாசலில் தொப்பென்று போட்டார்கள். "என்னம்மா, உள்ள யானைக்குட்டியா?" என்று ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆமா. தீனி போட்டுப் பழக்கணும். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிட்டுப் போங்க" என்றேன். சிரித்துக்கொண்டே மேஜை வரைக்கும் தள்ளிவிட்டுப் போனார்கள்.

எங்களுடையது செருப்பு, ஷூ ரிப்பேர் கடை. ஒரே அறை. நடுவில் தடிப் பலகை மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு ஸ்டூல். ஒன்றில் நான், இன்னொன்றில் அவர். கையால் சக்கரம் சுற்றித் தைக்கிற பழைய மெஷின் ஒன்று இருந்தது. அவர் சுற்றுவார், நான் ஷூவைப் பிடித்து நகர்த்துவேன். ஒருநாள் அதன் இரும்பு உடம்பு விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. பற்றவைத்துப் பார்த்தோம், மறுபடியும் பிளந்தது. கை ஊசியால் குத்திக் குத்தித் தைத்ததில் விரல்தான் புண்ணானது, வேலை நகரவில்லை. அப்போதுதான் தூர ஊரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். புது மெஷின் வாங்குகிற வரைக்கும்தான் என்று பேச்சு. அங்கே ஆம்பளைகளுக்கு மட்டும் விடுதி, ஓர் அறைக்கு ஆறு கட்டில். நானும் கூட வருகிறேன் என்று மூட்டை கட்ட வழியில்லை.

மெஷினை அனுப்பியவர் அதோடு ஒரு குண்டையும் தூக்கிப் போட்டார். ஃபேக்டரியில் அவரை நிரந்தரம் ஆக்குகிறார்களாம். ஒப்புக்கொண்டால் இரண்டு வருஷம் வேலையை விடக் கூடாது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நீ என்ன சொல்ற?" என்று ஃபோனில் கேட்டார்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

ஒரு பொம்பளை 'உங்க இஷ்டம்' என்று சொன்னால் அவள் இஷ்டம் அது இல்லை என்று ஊர் உலகத்தில் கல்யாணமான எல்லா ஆம்பளைக்கும் தெரியும். இந்த மனுஷனுக்கு மட்டும் தெரியாது. "சரி, அப்ப யோசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். யோசிக்கிறாராம்! கட்டின பொண்டாட்டி இருக்கிற இடத்துக்கு வருவதற்கு வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க வேண்டும்? தானாகத் தோன்ற வேண்டாமா? வாங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். தொண்டை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வருவேனா என்றது. கோபத்தை வைத்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாது எனக்கு. பெட்டியைப் பிரித்தேன்.

புது மெஷின் என்றால் பளபளவென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்கக் கறுப்பு கிரீஸை அப்பி அனுப்பியிருந்தார்கள். பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்தேன், துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். என் முகமும் கறுத்துப் போனது. ஓட்டை தெரிந்த இடத்தில் எல்லாம் எண்ணெய் விட்டேன். சக்கரத்தைச் சுற்றினால் முதலில் கறகறவென்று முனகியது, அப்புறம் வழிக்கு வந்தது. மேஜையில் நான்கு ஓட்டை போட்டு, போல்ட்டை இறக்கி, ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். அவர்மேல் இருந்த ஆத்திரம் பூராவும் அந்த நான்கு போல்ட்டுக்குள் போனது. அசைத்துப் பார்த்தேன், மேஜைதான் ஆடியது, மெஷின் ஆடவில்லை.

அன்று சாயங்காலம் ஃபோனில், "மெஷினு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பூ மாதிரி சுத்துது. இதுக்கு ஒரு ஆளே போதும்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். சுருக்கென்று தைத்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வரட்டும் என்று சொன்னேன்.

"அப்படியா, நல்லதாப் போச்சு" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுநாள் நூல் கோத்தேன். இந்த மாதிரி மெஷினுக்கு ஷூவுக்குள் நுழைகிற மாதிரி நீண்ட மூக்கு ஒன்று இருக்கும். அதன் நுனியில்தான் பாபின். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதில் நூல் சுற்றி உள்ளே வைத்து, மேல்நூலை ஊசிவரைக்கும் கொண்டுவந்து, ஒரு பழைய பெல்ட்டுத் துண்டை வைத்து, எழுந்து நின்று எட்டிச் சக்கரத்தைச் சுற்றினால் படக்கென்று நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி படக். ஊசியைத் திருப்பி மாட்டிவிட்டேனோ என்று கழற்றிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நூல் போகிற வழியெல்லாம் ஒரு பழைய காலுறையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். நூலை மாட்டி இழுக்கிற கொக்கிக்குக் கீழே ஓர் இடத்தில் காலுறை மாட்டிக்கொண்டது. வார்ப்பு இரும்பில் முள் மாதிரி ஒரு பிசிறு. மெல்லிய அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கினேன். அப்புறம் ஓடியது பாருங்கள் தையல், எறும்பு வரிசை கெட்டது! பக்கத்தில் யாராவது இருந்தால் காட்டியிருப்பேன். எதிர் ஸ்டூல் காலியாக இருந்தது. பெல்ட்டுத் துண்டைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, அடுத்த தெருவில் லாண்டரி வைத்திருக்கிறாள். மெஷினைப் பார்க்க வருகிற சாக்கில் என்னைப் பார்க்க வந்தாள். கையில் வாய் பிளந்த ஷூ ஒன்று.

"என்ன அண்ணி, முகமெல்லாம் கரி! இஞ்சின் டிரைவர் வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே எதிர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தவள், "அய்யோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இது என்ன, கைப்பிடி என் வயித்துல வந்து இடிக்குது?"

அப்போதுதான் நான் பார்த்தேன். சத்தியமாக அதுவரை என் கண்ணில் படவில்லை. நான் உட்காருகிற பக்கம் ஊசி. சக்கரமும் கைப்பிடியும் எதிர்ப்பக்கம், அவருடைய ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு. தனி ஆள் தைப்பதற்கு வலது கைக்கு வாகாகச் சக்கரம் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் இதே தொழில் செய்கிறவளுக்கு இது தெரியாதா? ஒற்றை ஆளாக இருந்துகொண்டு, ஒற்றை ஆளாக ஓட்டை போட்டு, இரண்டு பேருக்காக மெஷினைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

"வெளிச்சத்துக்காக அப்படி வச்சேன்" என்றேன்.

"வெளிச்சம் உங்க முதுகுப் பக்கமில்ல வருது?"

"உனக்கு ஷூ தைக்கணுமா வேண்டாமாடி?"

அவள் சிரிக்க வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கைப்பிடியை ஒரு விரலால் மெல்லத் தள்ளினாள். "அண்ணனுக்கு ஒரு ஃபோன் போடுங்க அண்ணி. ஒரு வார்த்த சொன்னா உங்க கிரீடம் ஒண்ணும் கழண்டு விழுந்துடாது."

"உங்க அண்ணனுக்கு வாயில்லையா?"

"அவன் ஊமைக்கோட்டான். அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டீங்க? ரெண்டு பேரும் இப்படியே உக்காந்திருந்தா நாளைக்கு திங்கக்கிழமை."

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ஃபோனை எடுத்தேன்.

"ஏங்க."

"சொல்லு. மெஷினு ஓடுதா?"

"ஓடுது. நீங்க வாங்க."

விடுதியில் யாரோ தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. "என்ன சொன்ன?" என்றார்.

"வாங்கன்னு சொன்னேன். வந்துடுங்க. நீங்க இல்லாம எனக்கு முடியல. கடை ஓடுது, சோறு இறங்குது, எல்லாம் நடக்குது. ஆனா முடியல."

"நேத்தே கையெழுத்து போட்டுட்டேன்" என்றார்.

"திங்கக்கிழமைன்னுதானே சொன்னீங்க?"

"நீ உங்க இஷ்டம்னு சொன்ன. ஒரு ஆளே போதும்னு சொன்ன. நான் வந்து அங்க என்ன செய்யப் போறேன், இங்கயாவது உபயோகமா இருப்போம்னு..." பேச்சை முடிக்கவில்லை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். என்ன திட்டுவது? யாரைத் திட்டுவது? "சக்கரத்த உங்க பக்கம் வச்சு முறுக்கிட்டேங்க" என்றேன். "தெரியாம வச்சுட்டேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இங்க ஒரே குளிரு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கழட்டி உன் பக்கம் திருப்பி வச்சுக்க. எட்டி எட்டிச் சுத்துனா தோள்பட்ட போயிடும்" என்றார்.

"மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காத."

"பிடிப்பேன்."

திருப்பவில்லை. இன்றுவரை திருப்பவில்லை. வேலை நடக்க வேண்டுமே, அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரிப்பேருக்கு வந்து ஒற்றைக் காலுறையோடு காத்திருப்பவர்களைப் பிடித்து எதிர் ஸ்டூலில் உட்காரவைத்தேன். "சும்மாதானே இருக்கீங்க, இதக் கொஞ்சம் சுத்துங்க." யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னால் நான் விடுவேனா? தபால்காரர் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற வேகத்தில் சுற்றினார். ஒரு கணக்கு டீச்சர் ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ணினார்.

ஷூவின் முன்பக்க வளைவுதான் கஷ்டமான இடம். ஊசி தோலுக்குள் இறங்கியிருக்கும்போது சக்கரத்தை நிறுத்த வேண்டும். அப்போதுதான் நான் தோலை அழுத்திப் பிடிக்கிற மெஷினின் பாதத்தைத் தூக்கித் திருப்பி, அடுத்த தையலுக்கு வழி பார்க்க முடியும். நிறுத்தாமல் போனால் ஊசி வளையும், இல்லாவிட்டால் ஒடியும். அதனால் ஒவ்வொரு வளைவிலும், "நிறுத்துங்க... ஆங், இப்ப சுத்துங்க" என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தொண்டை கட்டிப்போனது. அவரிடம் நான் ஒருநாளும் நிறுத்துங்க என்று சொன்னதில்லை. என் கட்டைவிரல் ஷூவின்மேல் மெதுவானால் அவர் கை தானாக நிற்கும். இத்தனை வருஷமும் பழைய மெஷின் நல்ல மெஷின் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். அமைதியான மனுஷர். ஷூவின் தோல் சோலோடு ஒட்டாமல் பிரிந்து தொங்கியது. வழக்கம்போல உட்காரவைத்துக் கைப்பிடியைக் கொடுத்தேன். நிதானமாகச் சுற்றினார். முன்பக்க வளைவு வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் சக்கரம் நின்றது. ஊசி தோலுக்குள் இருந்தது. எவ்வளவு தேவையோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். நான் பாதத்தைத் திருப்பியதும் மறுபடி சுற்றினார். அடுத்த வளைவிலும் அதேபோல நிறுத்தினார்.

"யாரு உங்கள நிறுத்தச் சொன்னா?" என்று கத்திவிட்டேன்.

பாவம், அந்த மனுஷர் பயந்து கையை எடுத்துவிட்டார். "உங்க கை நின்னுச்சும்மா, அதான்... தப்புங்களா?"

தப்பில்லை. ஒரு தப்பும் இல்லை. சரியாகச் செய்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்புத் தப்பாகச் சுற்றுகிறவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும், எனக்குக் கத்தத் தெம்பு இருக்கிறது. கண்ணீர் ஷூவின்மேல் சொட்டியது. நல்ல தோலாக இருந்தது, துடைத்தேன்.

"நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க அண்ணே. காத்து வரும்" என்றேன்.

மிச்சத் தையலை நானே கை நீட்டி, எட்டி எட்டிச் சக்கரத்தைச் சுற்றித் தைத்து முடித்தேன். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும்.